பின்காலில் ஆறு விரல்

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆட்டுப் பட்டிக்குக் காவலாகப் பிரியார் நாய் வாங்கலாமா? படத்தில் பார்த்த அந்தச் சடைமுடி அவர் மனதைப் பிடித்துவிட்டது.

பிடிக்கத்தான் செய்யும். பாரிஸுக்குக் கிழக்கே பிரி என்ற பகுதியில் மந்தையோடு வளர்ந்த இனம் இது. ஆடுகள் பயிருக்குள் இறங்காதபடி நாள் முழுக்க எல்லையில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்குச் செய்தி சுமந்தது, காயப்பட்டவர்களைத் தேடியது. வீட்டாரிடம் உயிரையே வைக்கும், அந்நியரை லேசில் நம்பாது. ஏவலுக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும்.

என்னை மயக்கியது அதன் பின்கால். நாய்களுக்குப் பொதுவாகப் பின்காலில் நாலு விரல். பிரியாருக்கோ உட்புறத்தில் மேலும் இரண்டு, எலும்பும் நகமுமாகத் தொங்கும். அதன் குட்டைமுடி உறவான பொசெரோனுக்கும் அப்படியே. கருவில் விரல்களின் எண்ணிக்கையை ஒழுங்குபடுத்தும் மரபணுக் கட்டளை மாறும்போது கூடுதல் விரல் முளைக்கிறது. மேய்ப்பர்கள் அதை நல்ல சாதியின் அடையாளமென்று நம்பித் தேர்ந்து வளர்த்தார்கள். இன்றும் அந்த இரட்டை விரல் இல்லாத நாய்க்குக் கண்காட்சியில் இடமில்லை.

அந்த நகம் தரையில் படாது, அதனால் தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே குத்தி ஏறும். சடைக்குள் மறைந்திருப்பதால், நாய் நொண்டும்வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது மழை. உங்களுக்குப் பக்கத்து இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. கேகாலையும் ஈரத்தில் சளைத்ததல்ல. கொழுந்து மலையில் நனைந்த என் அம்மாவின் கம்பளி அடுப்படியில் தொங்கியும் காயாது, நாற்றம் எடுக்கும். இந்த நாயின் முடியும் அப்படித்தான். அதற்குள் அட்டையும் உண்ணியும் குடியேறும். உண்ணிக் காய்ச்சல் முற்றினால் நாய் பிழைப்பது கடினம். வாரம் தவறாமல் தோல்வரை சீவிவிட ஆள் வேண்டும். ஓட மந்தையும் வேண்டும். பங்களா வாசலில் சங்கிலியில் கட்டிப்போட்டால் அதன் அறிவெல்லாம் குரைப்பாகவும் கடியாகவும் மாறும். பெருமைக்காக வாங்கி அப்படிக் கட்டிவைப்பது கொடுமை.

ஆகவே வேண்டாம், ஐயா. உங்கள் லயத்திலேயே இந்த மழைக்குப் பழகிய குட்டைமுடி நாய்கள் இருக்கின்றன. சிறிதிலேயே ஒரு குட்டியை ஆடுகளோடு விட்டு வளர்த்துப் பாருங்கள். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். பின்காலின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள்: நம் நாய்களிலும் சிலவற்றுக்கு அங்கே ஒற்றை விரல் உண்டு, அதன் நகத்தையும் வெட்டிவிட வேண்டும்.