சுவைத்தவர் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

பொருளொன்றை வாங்குவதற்கு முன்னர் அதனை ஏற்கனவே பயன்படுத்திய ஒருவரிடம் கேட்டறிவது மனித இயல்பு. விற்பவரின் சொல்லில் இலாப நோக்கம் கலந்திருக்கும் என்பதால், கொடுக்கல் வாங்கலில் சம்பந்தப்படாத மூன்றாமவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆயினும் அந்த மூன்றாமவர் எதனை ஆதாரமாகக் கொண்டு பேசுகின்றார், அவரது சொல்லை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற கேள்விகள் அவ்வளவு இலகுவில் தீர்ந்துவிடுவதில்லை. கரும்பிலிருந்து வடிக்கப்படும் ‘றம்’ என்ற மதுபானத்தைச் சுவைத்துத் தமது மதிப்பீடுகளை வெளியிட்டுவரும் ஆர்வலர்களின் அனுபவம் இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

நமது வாசகர்களில் கணிசமானோர் மார்க்கக் கட்டளையினாலோ சொந்தத் தீர்மானத்தினாலோ மதுவைத் தொடாதவர்கள். மதுவைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமுமன்று. தேன், நெய், மூலிகை மருந்து என எதுவாயினும், முன்பின் அறியாத ஒருவரின் சொல்லை நம்பிப் பணம் கொடுக்கும் எவருக்கும் இதில் படிப்பினை உண்டு என்பதாலேயே இவ்விடயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் றம் வர்த்தகத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கொட்ச் விஸ்கி ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் தயாரிக்கப்படுகின்றது. அது குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். நீரையும் நிறத்துக்கான கரமலையும் தவிர வேறெதுவும் சேர்க்கப்படலாகாது. றம் அவ்வாறானதல்ல. கரும்பு விளையும் பல நாடுகள் அதனைத் தத்தமது சட்டங்களின்படி தயாரிக்கின்றன. மார்ட்டினிக் தீவின் கரும்புச்சாற்று றம் 1996 ஆம் ஆண்டிலிருந்து பிரான்ஸின் கடுமையான மூலப்பெயர் விதிகளுக்கு உட்பட்டது. வேறு சில நாடுகளின் விதிகள் மிகவும் தளர்வானவை. இதனால் போத்தலின் மேலுள்ள விபரங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு உள்ளேயிருப்பதை அறிவது கடினமாகின்றது.

உதாரணமாக, போத்தலில் பெரிய எழுத்தில் 23 என்ற இலக்கம் காணப்படலாம். அதனருகே ‘ஆண்டுகள்’ என்ற சொல் இல்லையெனில் அது பானத்தின் வயதைக் குறிக்கின்றது என்று கொள்வதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி வயது குறிப்பிடப்படுமாயின் அது கலவையிலுள்ள மிக இளைய பானத்தின் வயதாக இருக்கவேண்டும். ஆனால் வெறும் இலக்கமொன்றை வாசிப்பவர் அதனை வயதாகவே எண்ணிக்கொள்கின்றார். கருமை கலந்த செம்மண்ணிறமும் முதிர்ச்சிக்குச் சான்றாகாது. நிறத்தைச் சீராக்குவதற்குக் கரமல் சேர்ப்பதை ஒன்றியத்தின் சட்டமே அனுமதிக்கின்றது. மூன்றாவது விடயம் சீனி. வடித்து இறக்கப்படும் றமில் சீனி இருப்பதில்லை. கரும்பின் இனிப்பு நொதித்தலின் போது மதுசாரமாக மாறிவிடுகின்றது; எஞ்சியதும் வடிகலத்திலேயே தங்கிவிடும். பீப்பாய் மரத்திலிருந்து கரைந்துவரும் அளவும் மிகச் சிறிதே. ஆகவே போத்தலில் கணிசமான சீனி காணப்படுமாயின் அது பின்னர் சேர்க்கப்பட்டதாகும்.

ஆர்வலர்களின் பணி முக்கியத்துவம் பெற்றது இந்த மூன்றாவது விடயத்திலேயே. சுவீடனிலும் பின்லாந்திலும் மதுபான விற்பனை பெருமளவுக்கு அரச நிறுவனங்களின் கையில் உள்ளது. அந்நிறுவனங்கள் தாம் விற்கும் பானங்களின் சீனி அளவையும் வெளியிடுவதுண்டு. ஏறத்தாழ 2013, 2014 ஆம் ஆண்டுகளில் றம் ஆர்வலர்கள் சிலர் இவ்வளவுகளைத் திரட்டி ஒப்பிடத் தொடங்கினர். வேறு சிலர் பாடசாலை மாணவர்களும் அறிந்த நீரமானியை எடுத்துத் தாமே அளந்தனர்.

அவர்களது முறை எளிமையானது. 20 பாகை செல்சியஸில் ஒரு மில்லிலீற்றர் நீர் ஏறத்தாழ 1 கிராம் நிறையுடையது. அதே கனவளவு தூய மதுசாரத்தின் நிறை 0.79 கிராம் மாத்திரமே. எனவே மதுசாரத்தின் வீதம் கூடக்கூட பானத்தின் அடர்த்தி குறையும். சீனி சேர்ந்தால் அடர்த்தி கூடும். 40 வீதம் என்று அச்சிடப்பட்ட பானமொன்றில் நீரமானி 35 வீதத்தைக் காட்டுமாயின், லீற்றருக்கு ஏறக்குறைய 20 கிராம் சீனி கரைந்திருக்கின்றது எனக் கணிக்கலாம். இவ்வாறு அளந்தபோது, நீண்டகால முதிர்வின் இயற்கையான மென்மை என வர்ணிக்கப்பட்ட சில பிரபல பானங்களில் அம்மென்மைக்குச் சீனியும் காரணமென்பது தெரியவந்தது. விருதளித்த தொழில்முறை நடுவர்களின் நா எழுப்பத் தவறிய கேள்வியை விலை குறைந்த கண்ணாடிக் கருவியொன்று எழுப்பியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் றமுக்குச் சேர்க்கும் இனிப்புக்கு எண்ணளவிலான உச்சவரம்பு இருக்கவில்லை. 2019 ஆம் ஆண்டின் 787 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதனை லீற்றருக்கு 20 கிராமாக மட்டுப்படுத்தியது. 2021 மே 25 இலிருந்து இவ்வரம்பு நடைமுறையில் உள்ளது. அதற்கு மேல் இனிப்பூட்டப்பட்ட பானத்தை ஒன்றியத்தினுள் றம் என்ற பெயரில் விற்க முடியாது.

இவ்வனுபவத்தைக் கொண்டு ஆர்வலர்கள் அனைவரும் நம்பத்தக்கவர்கள், நிபுணர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள் என்ற முடிவுக்கு வருவது தவறாகும். நீரமானியைக் கையிலெடுத்தவர்கள் ஒரு சிலரே. பெரும்பாலானோர் நாவையும் மூக்கையும் நம்பியே எழுதுகின்றனர். அவ்விரண்டும் எவ்வளவு இலகுவில் ஏமாற்றப்படக்கூடியவை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் வைன் தயாரிப்பியல் கற்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை வைன் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களிலேயே வர்ணித்தனர். 2001 இல் வெளியான இவ்வாய்வு, கண் பார்த்ததையே மூக்கு நுகர்கின்றது என்பதற்குச் சிறந்த சான்றாகும். விலையும் இவ்வாறே செயற்படுகின்றது. 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஒரே வைன் 10 டொலர் எனவும் 90 டொலர் எனவும் கூறிக் கொடுக்கப்பட்டது. விலை கூடியதென்று கூறப்பட்டபோது அது கூடுதல் இன்பமளித்ததாக அருந்தியவர்கள் தெரிவித்ததுடன், அவர்களது மூளையில் இன்பத்துடன் தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் அதிகரித்திருந்தது. அவர்கள் பொய் கூறவில்லை. விலை அவர்களது அனுபவத்தையே மாற்றியிருந்தது.

தொழில்முறை நடுவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் வைன் போட்டியில் 2005 முதல் 2008 வரை, ஒரே போத்தலிலிருந்து எடுத்த மாதிரிகள் நடுவர்களுக்குத் தெரியாமல் மும்முறை வைக்கப்பட்டன. அம்மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்தினுள் அடங்கக்கூடிய புள்ளிகளை வழங்கியவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. ஆகவே ‘இவர் நிபுணரா, சாதாரண ஆளா’ என்ற வினா நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்லாது. அவர் கூறுவதில் எதனைப் பரிசோதிக்க முடியும் என்பதே பயன்தரும் வினாவாகும்.

அந்நோக்கில் பார்த்தால், மதிப்பீடு ஒவ்வொன்றிலும் மூவகைக் கூற்றுகள் கலந்திருப்பதைக் காணலாம். லீற்றரில் இத்தனை கிராம் சீனி என்பது அளவிடப்பட்ட கூற்று. வேறொருவர் மீண்டும் அளந்து அதனைச் சரியென்றோ பிழையென்றோ காட்டலாம். கறுவா மணமும் வனிலா மணமும் உண்டு என்பது உணரப்பட்ட கூற்று. அது ஓரளவுக்கே சரிபார்க்கத்தக்கது. வனிலா மணம் ஓக் மரத்திலிருந்தும் வரலாம், பின்னர் சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதன் தோற்றுவாயை மூக்கினால் மாத்திரம் கூறிவிட முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது என்பது விருப்பம். அதில் சரியும் இல்லை, பிழையும் இல்லை. நேர்மையான மதிப்பீட்டாளர் இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவார். தனது விருப்பத்தை அளவீடு போலவும் ஊகத்தை உண்மை போலவும் முன்வைப்பவரிடம் எச்சரிக்கை தேவை.

அடுத்ததாக அவரது செய்முறையை நோக்கவேண்டும். போத்தலின் பெயரும் விலையும் மறைக்கப்பட்ட நிலையில் சுவைத்தாரா? வெவ்வேறு நாட்களில் மீண்டும் சுவைத்துப் பார்த்தாரா? இரண்டு கிண்ணங்களில் ஒரே பானமும் மூன்றாவதில் வேறொன்றும் இருக்கையில் வேறானதைக் கண்டுபிடிக்கும் முக்கோணச் சோதனை எவரும் வீட்டில் செய்யத்தக்கது. ஊகத்தினால் ஒருமுறை சரியாகக் கூறுவதற்கு மூன்றிலொரு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து ஐந்து முறை ஊகத்தினால் சரியாகக் கூறுவதற்கான வாய்ப்பு 243 இல் ஒன்று மாத்திரமே. அவ்வாறே நீரமானியால் அளந்தவர் பானத்தின் வெப்பநிலையைக் குறிப்பிட்டாரா, போத்தலில் அச்சிடப்பட்ட மதுசார வீதத்தில் சிறு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதைக் கருத்திற்கொண்டாரா என்பனவும் கவனிக்கத்தக்கவை. இரண்டு மூன்று கிராம் வித்தியாசத்தை வைத்து ஒருவர் மீது குற்றஞ்சாட்டுவது அக்கருவியின் வலுவுக்கு அப்பாற்பட்டது.

மூன்றாவதாக அவரது பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டும். சுவைத்த அனைத்துக்கும் நூற்றுக்கு 85 இலிருந்து 95 வரை வழங்குபவரின் புள்ளிகள் வாங்குபவருக்குத் தெரிவிப்பது மிகச் சொற்பமே. தான் பாராட்டிய பானத்தில் சீனி கண்டறியப்பட்ட பின்னர் அவர் என்ன செய்தார் என்பதும் முக்கியமானது. ‘எனக்கு இப்போதும் பிடிக்கின்றது, ஆனால் முதிர்வின் மென்மை என நான் எழுதியது சரியல்ல’ என்று திருத்தியவரின் அடுத்த கருத்துக்கு மதிப்பு கூடுகின்றது. பழையதை ஓசையின்றி நீக்கிவிட்டவரின் கருத்துக்கு மதிப்பு குறைகின்றது.

நமது நாட்டில் தேயிலைச் சுவைஞர்களின் சொல் மதிக்கப்படுவதன் இரகசியமும் இதுவே. 1883 இல் ஆரம்பமான கொழும்புத் தேயிலை ஏலத்தில் தரகர்கள் ஒவ்வொரு தொகுதியையும் சுவைத்து, ஏலத்துக்கு முன்னரே மதிப்பிடுகின்றனர். மாதிரிகள் அனைத்தும் ஒரே விதமாகத் தயாரிக்கப்படுவதால் ஒன்றையொன்று ஒப்பிட முடிகின்றது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடங்கள் என்பது இதற்கான சர்வதேச நியமம். சுவைஞர் கூறிய பெறுமதியை வாங்குவோர் தமது பணத்தைக் கொண்டு உடனடியாகவே பரீட்சித்துவிடுகின்றனர். தொடர்ந்து பிழைவிடும் நா அத்தொழிலில் நிலைக்க முடியாது. தனித்துச் சுவைக்கும் ஆர்வலருக்கு அத்தகைய பரீட்சையை எவரும் வைப்பதில்லை. அவர் தானே வைத்துக்கொண்டால்தான் உண்டு.

பணத் தொடர்பையும் மறந்துவிடலாகாது. போத்தலை நிறுவனம் இலவசமாக அனுப்பியதா, வடிசாலைப் பயணத்தின் செலவை ஏற்றதா என்பன வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009 இல் இத்தகைய தொடர்புகளை வெளிப்படுத்துமாறு வழிகாட்டியது. 2024 இல் போலி மதிப்பீடுகளைத் தடைசெய்யும் விதியையும் கொண்டுவந்தது. இலவசமாகப் பெற்றவர் பொய்யர் என்பதல்ல. வாங்கியவர் ‘கொடுத்த விலைக்குத் தகுந்ததா’ என்று கேட்கின்றார். இலவசமாகப் பெற்றவருக்கு அக்கேள்வியே எழுவதில்லை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரங்களைத் தடைசெய்துள்ளது. நேரடி விளம்பரத்துக்கு வழி அடைபட்ட இடத்தில் மதிப்பீடு என்ற போர்வையில் விளம்பரம் நுழைவதற்கான தூண்டுதல் அதிகம் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இறுதியாக, நம்பகமான மதிப்பீட்டாளருக்கும் எல்லையுண்டு. சுவையில் அவர் பெற்ற நம்பிக்கையைப் பாதுகாப்புக்கும் நீட்டிவிடக் கூடாது. அருந்தினால் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடிய மெதனோல், வழமையான மதுசாரத்தையே சுவையிலும் மணத்திலும் ஒத்திருப்பதால் பயிற்றப்பட்ட நாவும் அதனைக் கண்டுகொள்ளாது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் மெதனோல் கலந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மதுபானத்தால் வெளிநாட்டவர் அறுவர் உயிரிழந்தனர். கசிப்பினால் குடும்பங்கள் சிதைந்த கதைகளைக் கேட்டறிந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. மேலும், மதுசாரத்தில் ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெரிவித்தது. உயர்ந்த புள்ளி பெற்ற போத்தலுக்கும் அது பொருந்தும்.

பட்டமோ பதவியோ இல்லாத ஒருவர் பெரும் நிறுவனங்கள் கூறத் தயங்கிய உண்மையொன்றை வெளிக்கொணர முடியும் என்பதை றம் ஆர்வலர்கள் காட்டியுள்ளனர். தமது அளவையும் முறையையும் பிறர் சரிபார்க்கத்தக்க விதத்தில் திறந்துவைத்தமையே அவர்களுக்கு அந்த வலுவைத் தந்தது. நாளை தேனையோ நெய்யையோ மருந்தையோ ஒருவர் நமக்குப் புகழ்ந்துரைக்கும்போது, ‘இதனை எவ்வாறு அறிந்தீர்கள், நானும் அதனைச் சரிபார்க்க முடியுமா’ என்று தயங்காமல் கேட்போமாக. அவர் தரும் பதிலில் அவரது நம்பகத்தன்மை தெரிந்துவிடும்.