துப்பாக்கிச் "சனியனு"க்கு அடித்தது யோகம்!

ஒரு காலத்தில் காயலான் கடையில் எடைக்குப் போட்ட இரும்பு, இன்று ஏலக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது!

துப்பாக்கியின் முனையில் மாட்டும் கத்திதான் அது. ஆங்கிலத்தில் "பயனெட்" என்று பெயர். வடக்கே "சங்கீன்" என்பார்கள். தமிழில் அதற்கு வாய்த்த பெயர், "துப்பாக்கிச் சனியன்"!

பெயர்தான் சனியன். விலையைப் பார்த்தால் யோகக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், தபால் தலை சேர்ப்பதைப் போலப் பழைய பயனெட்டுகளைச் சேர்க்கிறவர்கள் ஏராளம். கிடைக்கும் சரக்கோ குறைந்துகொண்டே போகிறது. அதனால் விலை ஏறிக்கொண்டே போகிறது.

பிறந்த கதை

பிரான்சு நாட்டின் தென்மேற்கு மூலையில் "பயோன்" என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரில் இருந்துதான் பயனெட் என்ற சொல் வந்ததாகச் சொல்லுகிறார்கள்.

17-ம் நூற்றாண்டில், துப்பாக்கியில் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்க வெகு நேரம் ஆகும். அதற்குள் எதிரி பாய்ந்து வந்துவிட்டால்? கத்தியின் பிடியைத் துப்பாக்கிக் குழாயின் வாயில் செருகிக்கொள்வார்கள். துப்பாக்கி ஈட்டியாகிவிடும்.

ஆனால் குழாயின் வாய் அடைபட்டுவிடுவதால், பிறகு சுட முடியாது!

1689-ல் ஸ்காட்லாந்தில் கில்லிகிராங்கி என்ற இடத்தில் நடந்த சண்டையில், அரசாங்கப் படையினர் கத்தியைச் செருகி முடிப்பதற்குள் மலை நாட்டு வீரர்கள் பாய்ந்துவிட்டார்கள். அரசாங்கப் படை சிதறி ஓடியது.

பிறகு, குழாயைச் சுற்றி வளையம் போல மாட்டும் பயனெட் பரவியது. கத்தி மாட்டியிருக்கும்போதே சுடவும் முடிந்தது.

கொக்கிக்கு மவுசு!

சேகரிப்பவர்கள் அதிகம் தேடும் ரகங்களில் ஒன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் "1907 மாடல்" பயனெட். அலகு மட்டும் 17 அங்குலம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏந்தியது இதுதான். 1914-ல் கப்பல் ஏறி பிரான்சுக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களின் கையிலும் இது இருந்தது.

முதலில் செய்தவற்றில், பிடிக்குக் கீழே ஒரு இரும்புக் கொக்கி வளைந்து நிற்கும். எதிரியின் கத்தியைச் சிக்க வைத்து மடக்குவதற்காக வைத்தது. நடைமுறையில் அது புதரிலும் துணியிலும்தான் மாட்டிக்கொண்டது!

1913-ல் கொக்கியை நீக்கிவிட்டார்கள். ஏற்கனவே செய்தவற்றிலும் பலவற்றின் கொக்கியை ராணுவப் பட்டறையிலேயே அறுத்து எறிந்தார்கள்.

வேண்டாம் என்று அறுத்து எறிந்த அந்தக் கொக்கிதான் இன்று பணம்! கொக்கி தப்பிய பயனெட், சாதாரண ரகத்தைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகிறது.

இச்சாப்பூர் சரக்கு

இந்த பயனெட் இந்தியாவிலும் தயாரானது. கல்கத்தாவுக்கு அருகே உள்ள இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தவற்றில் "ஆர்.எப்.ஐ." என்ற முத்திரை இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 17 அங்குல அலகு மிக நீளம் என்று இந்தியாவில் 12 அங்குலமாகக் குறைத்தார்கள். பழைய நீளக் கத்திகள் பலவற்றையும் வெட்டிக் குட்டையாக்கினார்கள். அதனால் நீள அலகுள்ளவை மேலும் குறைந்தன.

போர் முடிந்ததும் ராணுவங்கள் மிச்சத்தைக் கழித்துக் கட்டின. 1950, 60-களில் அமெரிக்காவில் சில டாலர்களுக்கே தபாலில் விற்றார்கள். வாங்கியவர்கள் விறகு பிளந்தார்கள். தோட்டத்தில் புதர் வெட்டினார்கள்.

இன்றோ, உறையோடு நல்ல நிலையில் இருந்தால் சாதாரண ரகமே நூறு டாலரைத் தாண்டுகிறது!

ஏமாற வேண்டாம்!

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா?

ஜெர்மன் ராணுவத்தில், மரம் அறுப்பதற்காக முதுகில் ரம்பப் பல் வைத்த பயனெட் இருந்தது. "இது கொடூர ஆயுதம்" என்று எதிரிகள் கூக்குரல் எழுப்பியதால், போர்க் காலத்திலேயே பலவற்றின் பற்களைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். பல்லோடு மிஞ்சியவை குறைவு, விலை அதிகம். அதனால் இன்று சாதாரண பயனெட்டில் புதிதாகப் பல் வெட்டி விற்கிற மோசடி நடக்கிறது. அறுத்த கொக்கியை மறுபடி பற்றவைத்து விற்பதும் உண்டு.

இன்னொரு ஏமாற்று வேலை: கத்தியில் "1907" என்று பொறித்திருப்பதைக் காட்டி, "அந்த வருடம் செய்தது" என்பார்கள். தவறு! அது மாடல் பிறந்த வருடம். செய்த மாதமும் வருடமும் அதன் கீழே தனியாக இருக்கும். "3 17" என்று இருந்தால், 1917 மார்ச் என்று அர்த்தம்.

மறு பக்கத்தில் "எக்ஸ்" குறி ஒன்று இருக்கும். அலகை வளைத்துப் பார்த்து, ஒடியாமல் தேறியதற்கான அடையாளம் அது.

பிடியின் தலையில் சிறிய துளை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 1916-ல்தான் அந்தத் துளை வந்தது. கொக்கியும் இருந்து, துளையும் இல்லை என்றால் அது கைபடாத பழைய சரக்கு!

வாங்கியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கையில் இருக்கும் பணத்தைத் தேய்ப்பதற்குச் சமம். முத்திரை மங்கினால் மதிப்பும் மங்கிவிடும். லேசாக எண்ணெய் தடவி வைத்தாலே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இது விளையாட்டு அல்ல. ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு பயனெட்டும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசாங்கம் அறிவித்த பகுதிகளில், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, பெட்டிக்குள் வைத்து ரெயிலில் ஊருக்குக் கொண்டுபோனால், யோகம் மறுபடியும் சனியனாகிவிடும்! வாங்குவதற்கு முன்பு போலீஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் நல்ல விலை என்று அனுப்பவும் முடியாது. 100 ஆண்டுகளைக் கடந்த சரித்திரப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது.

11 ரூபாய் சிப்பாய்

சில பயனெட்டுகளின் பிடித்தலையில் படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அதற்குத் தனி விலை. எந்தப் படை, எங்கே போரிட்டது என்று புத்தகங்களைப் புரட்டிக் கண்டுபிடிப்பதில் சேகரிப்பவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

படையைக் கண்டுபிடித்துவிடலாம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த சிப்பாயின் பெயர் அதில் இருக்காது.

1914-ல் கடல் கடந்து போன இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம், 11 ரூபாய்!

அவன் சுமந்த கத்திக்குத்தான் இன்று ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்கிறார்கள்.