தீவனத்தில் கலக்கும் மருந்து

போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஒரு காலத்தில் பன்றி தானே இரை தேடிக்கொண்டது. சாக்கடை, குப்பைமேடு, சந்தை கலைந்தபின் கிடக்கும் அழுகல் காய் எனக் கிடைத்ததைத் தின்று வளர்ந்த கறுப்பு நாட்டுப் பன்றி அது. கழிச்சல் கண்டால் குட்டிகள் மடியும். வைத்தியம் பார்த்தவர்கள் குறைவு.

இன்று போடிமெட்டு மலை ஏறிக் கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போனால் வெண்பன்றிக் கொட்டகைகளைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் அந்த மலையூர்களில் பன்றிக்கறி வேண்டும். நெருக்கி அடைத்த கொட்டகையில் ஒரு குட்டிக்குக் கழிச்சல் வந்தால் மற்றவற்றுக்கும் பரவும். அந்தப் பயம்தான் பண்ணைக்காரரைத் தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக் தூளைத் தேட வைக்கிறது. இப்படிக் கலப்பது புதிதல்ல. 1950 வாக்கில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தார், தீவனத்தில் குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் துளி கலந்தால் கோழியும் பன்றியும் வேகமாக எடை போடுவதைக் கண்டார்கள். உலகமெங்கும் அந்தப் பழக்கம் பரவியது.

ஆனால் தீவனத் தொட்டியில் போட்ட மருந்தெல்லாம் ரத்தத்தில் சேர்வதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். குடல் அவற்றில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும், மீதி சாணத்தோடு போய்விடும். இன்னொரு சங்கடமும் உண்டு. தொட்டியருகே நின்று பார்த்தால் தெரியும்: கொழுத்த பன்றி மற்றதை முட்டித் தள்ளிவிட்டு வயிறு முட்டத் தின்னும், காய்ச்சல் கண்டது மூலையில் படுத்திருக்கும். மருந்து தேவைப்படாத உடம்புக்கு அதிகமாகவும், தேவைப்படும் உடம்புக்கு அரைகுறையாகவும் போகிறது. கிருமி தப்பிப் பழகுவதற்கு அந்த அரைகுறை அளவே போதும்.

கொலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் குடலைத் தாண்டி உள்ளே போவதே அரிது. பன்றிக்கும் கோழிக்கும் கழிச்சலுக்காகக் கொடுத்த இந்த மருந்துதான் மனிதருக்குக் கடைசிக் கையிருப்பு. சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இடம்பெற்ற 2010-ஆம் ஆண்டு ஆய்வில், பல ஆன்டிபயாடிக்குகளை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு கொண்ட கிருமிகளை அடக்க மிஞ்சிய ஓரிரு மருந்துகளில் அதுவும் ஒன்று. 2015-இல் சீனாவில், பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் எடுத்த கிருமிகளில் கொலிஸ்டினை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு தெரியவந்தது. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது அது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும், கோழி, மீன் வளர்ப்புக்கும், தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடைசெய்தது. தாமதம்தான், ஆனாலும் சரியான முடிவு.

மற்ற மருந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும் என்பேன். மலையில் சாணம் என்றால் உரம். பச்சையாகக் கொட்டினால் அதிலுள்ள மருந்து ஏலச்செடி வேரடியில் இறங்கி, மழையோடு ஓடைக்குப் போகும். குவித்து மக்கவைத்தால் அந்தச் சூட்டில் டெட்ராசைக்ளினில் கணிசமான பங்கு சிதைந்துவிடும். சோர்ந்த பன்றியைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டால், நோய்ப்பட்ட உடம்புக்கு முழு அளவு கிடைக்கும். மருந்து உடம்பை விட்டு நீங்க அவர் சொல்லும் நாள்கள் கழியும்வரை அதை அறுக்கக் கூடாது.