முதல் கோணல்: அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு ஆரம்பத்திலேயே சறுக்கியவர்கள்

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று நம் பெரியவர்கள் சொல்வது வீடு கட்டும் கொத்தனாருக்கு மட்டுமல்ல, அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் நன்றாகவே பொருந்தும். பண பலம், பேர் புகழ், கட்சிச் செல்வாக்கு எல்லாம் இருந்தும், ஒரே ஒரு வார்த்தையால், ஒரு நிமிஷத் தடுமாற்றத்தால், பந்தயம் தொடங்கும்போதே விழுந்தவர்கள் அந்த நாட்டில் பலர். அவர்கள் கதை கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். சற்று யோசித்தால் வேதனையாகவும் இருக்கும்.

நம் நாட்டில் கட்சி மேலிடம் கூடி அபேட்சகரின் பெயரை அறிவித்துவிடுகிறது. அமெரிக்காவில் அப்படியல்ல. நவம்பர் மாதத்தில் நடக்கும் பெரிய தேர்தலுக்கு முன்னால், கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்கே ஒவ்வொரு ராஜ்யமாக ஒரு பூர்வாங்கத் தேர்தல் நடக்கிறது. இதைத்தான் 'பிரைமரி' என்கிறார்கள். 1972 முதல் இந்த முறைக்கு முழு வலிமை வந்துவிட்டது. முதலில் வாக்களித்துப் பேர் பெற்றவை அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்னும் இரண்டு சிறு ராஜ்யங்கள். அங்கே சறுக்கினால் போதும். நன்கொடை கொடுத்தவர்கள் கையை மூடிக்கொள்வார்கள், நிருபர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

ஒரு வார்த்தை செய்த வேலை

ஜார்ஜ் ரோம்னி என்பவர் மிச்சிகன் ராஜ்யத்தின் கவர்னர். அதற்கு முன் ஒரு பெரிய மோட்டார் கம்பெனியின் தலைவராக இருந்து, அதை நஷ்டத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர். 1966-ம் ஆண்டின் இறுதியில், ஜனாதிபதி ஜான்ஸனை வெல்லக்கூடியவர் இவரே என்று பலரும் பேசிக்கொண்டார்கள். ரோம்னி 1965-ல் வியட்நாமுக்குப் போய்வந்து, அங்கே நடந்த யுத்தத்தை ஆதரித்தவர். பின்னால் அவர் மனம் மாறியது. 1967 ஆகஸ்டு 31-ந் தேதி டெட்ராய்ட் நகர டெலிவிஷன் பேட்டி ஒன்றில், ஏன் இந்த மாற்றம் என்று கேட்டார்கள். வியட்நாமில் தளபதிகளும் ராஜதந்திரிகளும் சேர்ந்து தமக்கு நன்றாக மூளைச் சலவை செய்து அனுப்பிவிட்டார்கள் என்று அவர் பதில் சொன்னார்.

அவ்வளவுதான். கொரியா யுத்தத்தில் கைதியான அமெரிக்கச் சிப்பாய்களைச் சீனர்கள் படுத்திய பாட்டைச் சொல்லப் பயன்பட்ட வார்த்தை அது. அது ஒரு கவர்னரின் வாயிலிருந்து வந்ததும் நாடே சிரித்தது. சொந்த நாட்டுத் தளபதிகளிடமே ஏமாந்தவர் அந்நிய நாட்டுத் தலைவர்களை எப்படிச் சமாளிப்பார் என்று கேட்டார்கள். 1968 பிப்ரவரி 28-ந் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வாக்கும் விழுவதற்கு இரண்டு வாரம் முன்பே, ரோம்னி விலகிக்கொண்டார்.

ஆனால் அவர் சொன்னது பொய்யா? யுத்தம் நன்றாக நடக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 1968 ஜனவரி கடைசியில் வியட்நாம் நகரங்கள் பலவற்றை எதிரிகள் ஒரே மூச்சில் தாக்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். அந்த யுத்தத்தை நடத்திய ராணுவ மந்திரி மக்னமாராவே, தாங்கள் செய்தது பெருந்தவறு என்று 1995-ல் ஒரு புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். உண்மையைத்தான் ரோம்னி சொன்னார். சொல்லத் தெரியாமல் சொன்னார்.

கண்ணீரா, பனியா?

மெய்ன் ராஜ்யத்து செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் கதை இன்னும் பரிதாபமானது. 1972-ல் டெமாக்ரடிக் கட்சியில் முன்னணியில் நின்றவர் அவர். நிதானமானவர், நம்பத் தகுந்தவர் என்பதே அவருடைய மூலதனம். நியூ ஹாம்ப்ஷயரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, பிரெஞ்சு கனடிய வம்சத்தாரை மஸ்கி இழிவாகப் பேச இடம் கொடுத்தார் என்று ஒரு கடிதத்தை வெளியிட்டது. அவருடைய மனைவியைப் பற்றியும் எழுதியது. பிப்ரவரி 26-ந் தேதி, கொட்டும் பனியில், அந்தப் பத்திரிகை ஆபீசின் வாசலிலேயே ஒரு லாரியின் மேல் ஏறி நின்று மஸ்கி பதில் சொன்னார். மனைவியின் பேச்சு வந்தபோது குரல் கம்மியது. அவர் அழுதார் என்று நிருபர்கள் எழுதினார்கள். முகத்தில் உருகி வழிந்தது பனி என்றார் மஸ்கி.

மார்ச் 7-ந் தேதி நடந்த வாக்கெடுப்பில் மஸ்கி 46 சதவீதம் பெற்று முதலாவதாக வந்தார். மக்கவர்ன் பெற்றது 37. ஆயினும் பக்கத்து ராஜ்யத்துக்காரர் பாதி வாக்குக்கூட வாங்கவில்லையே என்று, அந்த வெற்றியையே தோல்வியாக்கிவிட்டார்கள். ஏப்ரலில் அவருடைய ஓட்டம் நின்றுபோயிற்று. அந்தக் கடிதம் போலி என்பதும், எதிரணியில் இருந்த ஜனாதிபதி நிக்ஸனின் ஆட்கள் செய்த சதிகளில் அதுவும் ஒன்று என்பதும் பிறகு வெளிவந்தன. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

கேள்வி எளிது, பதில் இல்லை

எட்வர்டு கென்னடிக்கு வாய்த்தது சதியல்ல; சாதாரணமான ஒரு கேள்வி. 1979-ல் அவர் தம் கட்சி ஜனாதிபதியான கார்ட்டரையே எதிர்த்துக் கிளம்பினார். ஜனாதிபதியாக ஏன் விரும்புகிறீர்கள் என்று டெலிவிஷன் நிருபர் கேட்டார். பேச்சில் வல்லவரான கென்னடி விழித்தார், தடுமாறினார், நாட்டின் இயற்கை வளங்களைப் பற்றி எதையோ சொன்னார். அது ஒளிபரப்பான நவம்பர் 4-ந் தேதியே டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. மக்கள் ஜனாதிபதியின் பின்னால் திரண்டார்கள். 1980 ஜனவரியில் அயோவாவில் கார்ட்டருக்கு 59 சதவீதம், கென்னடிக்கு 31.

ரிக் பெர்ரி என்ற டெக்ஸாஸ் கவர்னரோ, பதவிக்கு வந்தால் மூன்று இலாகாக்களை ஒழித்துவிடுவேன் என்று 2011 நவம்பரில் ஒரு விவாத மேடையில் முழங்கினார். இரண்டைச் சொன்னார், மூன்றாவது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறந்துபோன அந்த எரிசக்தி இலாகாவுக்கே 2017-ல் அவர் மந்திரியானார் என்பது விதியின் விளையாட்டு.

மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸும் 2019-ல் இந்தப் பள்ளத்தில் கால் வைத்தார். ஜனவரியில் ஓக்லண்டில் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் தனியார் கம்பெனிகளின் மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதுபோல் ஒரு நாள் பேசினார். மறுநாளே அவருடைய ஆட்கள் அதைத் தளர்த்தினார்கள். ஜூன் மாத விவாதத்தில் கையைத் தூக்கினார். அடுத்த நாள் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னார். அயோவா வாக்களிப்பதற்கு முன்பே, டிசம்பர் 3-ந் தேதி, பணம் போதவில்லை என்று விலகினார்.

வைக்கோலும் தீப்பொறியும்

மேடையில் உளறாத அரசியல்வாதி எந்த நாட்டில் இருக்கிறார்? பின் ஏன் சிலருடைய தவறு மட்டும் ஆளையே விழுங்குகிறது? ஜனங்களின் மனத்தில் ஏற்கெனவே ஒரு சந்தேகம் காய்ந்த வைக்கோலாகக் கிடக்கிறது. அதன் மேல் விழும் பொறிதான் பற்றிக்கொள்கிறது. ரோம்னிக்கு வெளிநாட்டு விவகாரம் தெரியுமா, குடும்பப் பெயரைத் தவிர கென்னடியிடம் என்ன இருக்கிறது, பெர்ரிக்கு விஷய ஞானம் உண்டா, ஹாரிஸ் எந்தக் கொள்கையில் உறுதியாக நிற்கிறார் என்ற கேள்விகள் முன்பே இருந்தன. மஸ்கியின் கண்ணீரும் அவருடைய நிதானத்தின் மேலேயே விழுந்தது.

தவறைத் தாமே உணர்ந்து உடனே திருத்திக்கொண்டவர் பிழைத்தார். 1980-ல் ரொனால்டு ரீகன், நாம்தான் முன்னணியில் இருக்கிறோமே என்று அயோவா விவாதத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். அதன் பிறகு அவர் மேடைக்கு மேடை ஏறினார். நாஷுவா நகரில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னபோது, இதற்குப் பணம் கொடுப்பவன் நான் என்று முழங்கினார். நியூ ஹாம்ப்ஷயரில் புஷ்ஷைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வாக்கு வாங்கினார். அன்றே பிரசாரத் தலைவரை மாற்றினார், ஜனாதிபதியும் ஆனார். பிரிட்டிஷ் தலைவர் ஒருவரின் பேச்சைத் தம் பேச்சுப்போல் பேசி 1987-ல் விலக நேர்ந்த ஜோ பைடன், 2021-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார். அதற்கு 33 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அபேட்சகர்களுக்கு இதில் பாடம் உண்டு, வாக்காளர்களுக்கும் உண்டு. பெர்ரியின் மறதியைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் ரோம்னியைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவரை ஏமாற்றியது யார், எதற்காக ஏமாற்றினார்கள் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டதற்கு விலை கொடுத்தவர் ரோம்னி மட்டுமல்ல.