மருந்துக் கூர்க்கனும் கண் நரம்பும்

சேலம் மாவட்டத்துச் செம்மண் நிலங்களில் பயிராகும் மருந்துக் கூர்க்கனைக் 'கோலியஸ்' என்றே பலரும் அழைக்கின்றனர். ஓமவல்லிக்கும் சிறுகிழங்குக்கும் உறவான செடி இது. இங்கே சமையலுக்கு இதை வளர்ப்பதில்லை. கிழங்கிலுள்ள ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளுக்காகவே இது விலை போகிறது. 1970-களில் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில்தான் இப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 'கண்பார்வையை மீட்கும் கிழங்கு' என்ற பேச்சைக் கேட்டு நாற்று வாங்குமுன், அதில் உண்மை எவ்வளவு என்று அறிவது நல்லது.

விழித்திரையின் நரம்பு உயிரணு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை புறப்படுகிறது. சுமார் 10 லட்சம் இழைகள் கயிறு போல் திரண்டு மூளைக்குச் செல்கின்றன. இதுவே பார்வை நரம்பு. புருவத்தில் பலத்த அடிபட்டால், கண்ணில் காயமே தெரியாவிட்டாலும், உள்ளே இந்த நரம்பு சேதமடைவதுண்டு. கொடியை நசுக்கினால் நுனி வாடும், கிழங்கு தப்பிவிடும். இங்கே அப்படியல்ல. இழை அறுந்தால் விழித்திரையிலுள்ள உயிரணுவும் சில வாரங்களில் மடிகிறது. மீனுக்கும் தவளைக்கும் இழை மறுபடி வளரும்; மனிதனுக்கு வளராது.

மூளையிலிருந்து இழை வழியே வந்த ஊட்டம் நின்றுபோவது இதற்கு ஒரு காரணம். அதை வெளியிலிருந்து கொடுத்தாலும் அடிபட்ட உயிரணு சரியாக ஏற்பதில்லை. வேர் அழுகிய பயிருக்கு உரமிட்ட கதைதான். ஃபோர்ஸ்கோலின் உயிரணுவுக்குள் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்னும் பொருளைப் பெருக்குகிறது. அது பெருகினால் ஊட்டத்தை ஏற்கும் திறன் கூடுகிறது. 2003-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பார்வை நரம்பு துண்டிக்கப்பட்ட பூனைகளின் கண்ணுக்குள் ஊட்டப் பொருள்களோடு ஃபோர்ஸ்கோலினையும் ஊசி மூலம் செலுத்தினர். கூடுதலான உயிரணுக்கள் பிழைத்தன. சில இழைகள் திரும்பவும் வளர்ந்தன. பூனைக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. நரம்புக் காயத்துக்கு மனிதருக்கான சிகிச்சையாகவும் இது இன்னும் வரவில்லை. கண்ணின் உள் அழுத்தத்தை இது குறைப்பதாக 1983-லேயே கண்டறிந்தனர். அது வேறு பயன்.

ஆய்வில் சேர்ப்பது அளவிட்டுச் சுத்திகரித்த பொருள். வயலில் பிடுங்கிய கிழங்கின் சாற்றையோ இலைச் சாற்றையோ கண்ணில் விடவே கூடாது. உள்ள பார்வையும் கெட்டுவிடும். மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து, புருவத்தில் அடிபட்டுப் பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பயிரைப் பொறுத்தவரை, நுனித் தண்டுகளை வேர் பிடிக்கவைத்து 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 செடிகள் பிடிக்கும். ஆறு மாதத்தில் கிழங்கு எடுக்கலாம். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. வேர்முடிச்சு நூற்புழுவும் வேர் அழுகலும் பெரும் எதிரிகள். நோயுற்ற வயலிலிருந்து தண்டு வாங்கக் கூடாது. இக்கிழங்கு உள்ளூர்ச் சந்தையில் விற்கும் சரக்கல்ல. ஆகவே, கொள்முதல் விலையையும், காய்ந்த கிழங்கில் எவ்வளவு ஈரம் வரை ஏற்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே நடவைத் தொடங்க வேண்டும்.