பழைய ஸ்டோர்கள் எங்கே போயின?

மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோரைக் காணாதவர் எம்மில் குறைவு. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. கூரைத் தகரம் போய், இரும்புத் தூண்கள் மட்டும் நிற்கும். நட்டத்தால் மூடினார்கள் என்பார்கள். அது பாதி உண்மையே.

கொழுந்தை ரோதையில் அரைக்குமுன் வாட்ட வேண்டும். அக்காலத்தில் சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் மெல்லியதாகத் தூவி, பல மணி நேரம் காற்றுப்பட விட்டார்கள். இதற்கு இடம் நிறைய வேண்டும். ஸ்டோருக்கு மாடிமேல் மாடியும் அத்தனை ஜன்னல்களும் வைத்தது இதற்காகவே. பின்னர் நீண்ட தொட்டிகளில் கொழுந்தைக் கனமாகப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடியால் ஊதும் முறை வந்தது. மேல்மாடிகளின் தேவை குறைந்தது. லொறிப் பாதைகள் சீரானபின் பல தோட்டத்துக் கொழுந்தும் ஒரே ஸ்டோருக்குப் போகலாயிற்று. சிறிய ஸ்டோர்கள் இப்படித்தான் நின்றன.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996 இல் ஹோட்டலானது. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று உல்லாசப் பிரயாணிகள் உறங்குகிறார்கள். (இராவேலையில் கண்ணயர்ந்தால் ஏச்சு வாங்கிய இடம்!) கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925 இல் கட்டிய ஸ்டோர் 2001 இல் தேயிலை நூதனசாலையாயிற்று. இரண்டிலும் பழைய இயந்திரங்களைக் காணலாம். நல்ல காரியமே.

ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அந்த யோகம் இல்லை. நாம் சென்ற ஒரு தோட்டத்தில் சீமெந்துத் தரை மட்டுமே மிஞ்சியிருந்தது. முன்னர் அங்கு வேலை செய்த பெரியவர், "இங்கதாங்க ரோதை, அங்க அடுப்பு" என்று காலால் கோடு போட்டுக் காட்டினார். இயந்திரங்களுக்குக் காவலாக ரோதமுனியை எம்மவர் வணங்கியது ஏனென்று, ரோதையில் விரல் இழந்தவர்களைக் கண்டவர்களுக்கு விளங்கும். இரும்பை நிறுத்து விற்றாயிற்றாம். ஆபீஸிலிருந்த பழைய செக்ரோல்கள் எங்கே என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

எமக்கு அதுவே பெரிய இழப்பாகப் படுகிறது. செக்ரோலில் எம் முன்னோரின் பெயரும் அவர்கள் வேலை செய்த நாட்களும் இருந்தன. 1948 இன் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கிற்று. 1949 இன் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டவர், மணமானவராயின் 7 வருடமும் மற்றவராயின் 10 வருடமும் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. வேலை செய்ததற்கு ஓர் ஏடு, பிறந்ததற்கு ஒரு துண்டு என்று ஆபீஸ் வாசலில் எத்தனை பேர் காத்து நின்றார்கள்! 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இப்படிக் கைமாறும்போது பழைய ஏடுகளை யார் கவனிப்பார்?

2003 இன் சட்டத்தோடு நாடற்ற நிலை பெருமளவு தீர்ந்தது. என்றாலும் தாத்தா எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்று தேடும் பிள்ளைகள் இன்றும் எம்மிடம் வருகிறார்கள். உங்கள் தோட்டத்து ஸ்டோரை உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டால், தகரம் ஏற்ற லொறி வருமுன் ஆபீஸில் செக்ரோலைக் கேளுங்கள். தருவதற்கு மனமில்லாவிட்டால், பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடிக்கவாவது விடச் சொல்லுங்கள்.