கப்பலில் இரவுணவுக்கு என்ன உடுத்துவது?

கோடை விடுமுறைக்கோ பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ குடும்பமாக உல்லாசக் கப்பலில் போவது எம்மவரிடையே இப்போது சாதாரணமாகிவிட்டது. ரொறன்ரோவில் இருப்பவர்கள் மயாமிக்குப் பறந்து கரீபியன் கடலுக்குப் போகிறார்கள். சுவிஸிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் காரிலேயே ஜெனோவாவுக்கோ மார்செய்க்கோ போய் ஏறிவிடுகிறார்கள். இலண்டன்காரருக்கு சவுத்ஹாம்ரன் பக்கத்திலேயே இருக்கிறது. ரிக்கெற் எடுத்து, காசும் கட்டி முடித்தபிறகு கம்பனியிடமிருந்து வரும் மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கும்: இந்தப் பயணத்தில் இரண்டு இரவுகள் 'ஃபோர்மல் நைற்'. அதோடு வீட்டில் வாக்குவாதம் தொடங்கும்.

அப்பாவுக்குப் புதிதாகக் கோட் சூட் வாங்கவேண்டுமா? அம்மா சாறி உடுத்தால் வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? மகனோ ஜீன்சைத் தவிர வேறொன்றையும் போடமாட்டேன் என்று நிற்பான். இப்படி இழுபட்டுக் கடைசியில் பல வீடுகளில் எடுக்கப்படும் முடிவு இதுதான்: "அம்மம்மாவும் அம்மப்பாவும் மேல்தளத்தில் பஃபேயில் சாப்பிடட்டும். அவைக்கு அதுதான் வசதி." இந்த முடிவோடு எமக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதைச் சொல்லமுன், விதி உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

உடை விதி கப்பல் முழுவதற்குமானது அல்ல. பெரும்பாலும் அது மேசைக்கு வந்து பரிமாறும் பிரதான உணவு மண்டபத்துக்கும் சில கட்டண உணவகங்களுக்கும் உரியது. அதுவும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். இன்றைக்கும் இறுக்கமாக இருப்பது குனார்ட் கம்பனி. 2004 இல் சேவைக்கு வந்த குயீன் மேரி 2 கப்பலில் சவுத்ஹாம்ரனிலிருந்து நியூயோர்க்குக்கு ஏழு இரவுகள் போகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டு 'காலா' இரவுகள் வரும். அந்த இரவுகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெற் அல்லது கருமையான சூட்டும் ரையும் அணிந்திருக்கவேண்டும். அப்படி உடுக்காதவர்களை யாரும் கடலில் தள்ளிவிடப் போவதில்லை. அவர்கள் பஃபே, பப் போன்ற சில இடங்களோடு நின்றுகொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

மற்றப் பக்கத்தில் நோர்வீஜியன் குறூஸ் லைன் 2000 ஆம் ஆண்டிலேயே கட்டாய உடை, கட்டாய நேரம் எல்லாவற்றையும் கைவிட்டது. செலிபிரிற்றி கம்பனி 2015 இல் ஃபோர்மல் என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஈவ்னிங் சிக்' என்று மாற்றியது. நோர்வேயில் உள்ள எம்மவருக்குத் தெரிந்த ஹூர்ட்டிருூட்டன் கரையோரக் கப்பலில் கம்பளிச் சுவெற்றரோடு இரவுணவுக்குப் போகலாம். எம்மவர் அதிகம் போகும் கார்னிவல், றோயல் கரீபியன், எம்எஸ்சி, கொஸ்ரா எல்லாம் இவற்றுக்கு நடுவில் நிற்கின்றன. பெயர் எலிகன்ற், காலா என்று பெரிதாக இருக்கும். கொலர் வைத்த சேட், நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து இருந்தால் வாசலில் நிற்பவர் சிரித்து உள்ளே விடுவார். கையில்லாத பெனியன், நீச்சல் உடுப்பு, இறப்பர் செருப்பு, தொப்பி ஆகியவற்றைத்தான் அவர்கள் தடுக்கப் பார்க்கிறார்கள். ஆகவே முதல் வேலை, உங்கள் கம்பனியின் இணையப் பக்கத்தில் உங்கள் பயணத்துக்குரிய உடை விதியை வாசிப்பது. மாமாவின் நண்பர் பத்து வருடத்துக்கு முன் போன கப்பலின் கதையை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் கொஞ்சம் சுவாரசியமானது. அத்திலாந்திக்கைக் கடந்த பழைய பயணிகள் கப்பல்களின் முதல் வகுப்பில் ஒவ்வொரு இரவும் கறுப்புக் கோட்டோடுதான் சாப்பாட்டுக்கு வருவார்கள். முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் விலக்கு, ஏனென்றால் முதல் நாள் பெட்டிகள் திறந்திருக்காது, கடைசி நாள் அவை கட்டப்பட்டிருக்கும். இன்றைக்கும் ஏறும் நாளில் பொதுவாக ஃபோர்மல் நைற் வைப்பதில்லை. துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறை வாசலுக்கு வர இரவு எட்டு மணியும் ஆகலாம். எங்கள் முன்னோரில் சிலர் ஐம்பதுகளில் கொழும்பில் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்துக்குப் படிக்கப் போனதும் இப்படியான கப்பல்களில்தான். அந்தத் தலைமுறைக்குக் கோட் என்பது உத்தியோகத்தின் சின்னம். அந்த எண்ணம் எங்கள் வீடுகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. வெள்ளைக்காரர் கூடும் இடத்தில் நாங்கள் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்றால் அது கோட்டாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் பட்டுச் சேலை கப்பலின் எந்த விதிப்படி பார்த்தாலும் மேல்தட்டு உடுப்பு. பெண்களுக்கு 'ஈவ்னிங் கவுண்' என்று எழுதியிருக்கும் இடத்தில் காஞ்சிபுரத்தோடு போய் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நீளமான பஞ்சாபி, பாவாடை தாவணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். குனார்ட் தன் விதியிலேயே தேசிய உடைக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர் கில்ற்றோடு வந்து இருக்கும் அதே மண்டபத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாக அம்மப்பாவும் இருக்கலாம்.

இங்கே 'தேசிய உடை' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று போகவேண்டியிருக்கிறது. எங்கள் கடவுச்சீட்டில் கனடா என்றோ பிரான்ஸ் என்றோ இருக்கும். தமிழர் என்று எழுதிய கடவுச்சீட்டு எவரிடமும் இல்லை. பின்னே எந்தத் தேசத்தின் உடை என்று சொல்லி வேட்டி கட்டுவது என்று ஒரு இளைஞர் கேட்கலாம். அதற்கு விடை எங்கள் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. வேட்டியோடு போடும் அந்த நீளக்கைச் சட்டையை யாழ்ப்பாணத்தில் 'நாஷனல்' என்றுதானே சொல்கிறோம்? ஐரோப்பிய உடுப்பைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எதிர்த்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. அதற்காக ஒரு சங்கமே நடத்தினார். அந்தக் காலத்து விவாதத்தின் ஒரு துண்டு எங்கள் உடுப்பின் பெயராகத் தங்கிவிட்டது. ஆகவே கப்பல்காரர் கேட்டால் தயங்காமல் சொல்லலாம், இது எங்கள் நாஷனல் என்று. விதியில் தேசிய உடை பற்றி எதுவும் எழுதாத கம்பனியாக இருந்தால், போகமுதல் ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலைத் தொலைபேசியில் வைத்திருங்கள். வாசலில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது எளிது.

வேட்டியில் கவனிக்கவேண்டியது காலணி. வேட்டியோடு இறப்பர் செருப்புப் போட்டால் வாசலில் மறிக்க நியாயம் இருக்கிறது. தோல் செருப்போ சப்பாத்தோ போடுங்கள். கப்பல் ஆடும், படிகள் பல இருக்கும். ஒட்டிக்கொள்ளும் வேட்டியோ மேலே ஒரு பெல்ற்றோ இருந்தால் வயதானவர்களுக்கு நிம்மதி. சாரம் அறைக்குள் மட்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை!

சேலைக்காரருக்கு வேறொரு பிரச்சினை. தீ விபத்துக்குப் பயந்து பெரும்பாலான கப்பல்களில் அயன் பெட்டி கொண்டுபோகவிடமாட்டார்கள், கண்டால் எடுத்துவைத்துவிடுவார்கள். (மெழுகுதிரி, ஊதுபத்திக்கும் அதே கதிதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பவர்கள் மனதுக்குள்தான் வைக்கவேண்டும்.) சில கப்பல்களில் பொதுச் சலவை அறையில் அயன் மேசை இருக்கும், மற்றவற்றில் காசு கொடுத்து அழுத்திக்கொள்ளவேண்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை பெட்டிக்குள் கசங்கினால் அதோடு சரி. கசங்காத மென்பட்டு, கிறேப் நல்லது. இரண்டு ஃபோர்மல் இரவுக்கு இரண்டு சேலை போதும், ஏழு வேண்டாம். மண்டபத்தில் குளிரூட்டி பலமாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை எடுங்கள். கலியாண வீட்டு நகை முழுவதும் தேவையில்லை. எடுத்துப் போனதை அறையிலுள்ள பாதுகாப்புப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரை இறங்குங்கள்.

புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை என்பதை ஒருமுறை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு சாதாரண ஆங்கிலேயக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நல்ல உடுப்பு இருந்தாலே பெரிது. எங்கள் அலுமாரிகளிலோ கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், பிறந்தநாள் என்று வாங்கியது தொங்கிக்கொண்டே இருக்கிறது. மகனுக்கு மச்சானின் கலியாணத்துக்குத் தைத்த சூட் இன்னும் அளவாக இருந்தால் அதுவே காணும். அவன் அதற்கும் சம்மதிக்காவிட்டால், கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் பெரும்பாலான கப்பல்களில் தாராளமாகப் போதும். 'காசு கட்டிவிட்டோம், விரும்பியதைப் போடுவோம்' என்ற வாதத்தை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். பக்கத்து மேசையில் இருப்பவர்களும் காசு கட்டித்தான் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது ஒரு விசேஷமான இரவு. எங்கள் சாமத்திய வீட்டுக்கு ஒருவர் அரைக்காற்சட்டையோடு வந்தால் நாங்கள் என்ன சொல்வோம்?

இனி அம்மம்மா, அம்மப்பா விடயம். பஃபே அவர்களுக்கு வசதி என்பது பல நேரங்களில் உண்மையில்லை. அங்கே வரிசையில் நின்று, ஆடும் கப்பலில் நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை தேடவேண்டும். பிரதான மண்டபத்தில் கதிரையை இழுத்து இருத்தி, முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் முக்கியம். பல கப்பல்களில் முதல் நாளே மேசைப் பொறுப்பாளரிடம் சொல்லிவைத்தால் அடுத்த நாளுக்குப் பருப்பு, சோறு, ஒரு கறி என்று செய்து தருவார்கள். பரிமாறுபவர்களில் இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர் நிறைய. மூன்றாம் நாளே அம்மம்மாவுக்கு உறைப்பு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு உடுப்புக்குப் பயந்து இதையெல்லாம் அவர்களுக்கு இல்லாமல் செய்வது நியாயமாகப்படவில்லை. நாங்கள் பார்த்தவரையில், கூச்சப்படுவது பெரும்பாலும் அவர்கள் அல்ல, அவர்களுக்காகக் கூச்சப்படும் பிள்ளைகள்தான்.

ஆனாலும் சிலர் வரமாட்டோம் என்றே சொல்வார்கள். அப்போது அதை உடுப்புப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். 2010 இல் எம்வி சன் சீ கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களும், பாக்குநீரிணையை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே இருட்டிய கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவர்களுக்கு மனம் வராமல் போகலாம். சன்னலுக்கு உள்ளே தள்ளிய மேசை வேண்டும் என்று கேட்டால் மாற்றித் தருவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பஃபேக்குப் போங்கள், அவர்களைத் தனியே அனுப்பாமல்.

ஃபோர்மல் நைற் பெரும்பாலும் கரை தொடாத நாளில் வரும். அன்று மண்டபத்துக்கு வெளியே படப்பிடிப்பாளர்கள் நிற்பார்கள். படம் எடுப்பதற்குக் காசில்லை, வாங்கினால்தான். மூன்று தலைமுறையும் நல்ல உடுப்போடு ஓரிடத்தில் நிற்கும் சந்தர்ப்பம் கலியாண வீட்டுக்கு வெளியே அடிக்கடி வருவதில்லை என்பதால் ஒரு படமாவது வாங்கலாம் என்பது எம் அபிப்பிராயம்.

கடைசி இரவு சாதாரண உடுப்புத்தான். சாப்பிட்டு வந்து, அவர்கள் சொல்லும் நேரத்துக்குமுன் பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடவேண்டும். அவற்றை இரவோடிரவாகக் கீழே இறக்கிவிடுவார்கள், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் காண்பீர்கள். பெட்டியைப் பூட்டுமுன் அடுத்த நாள் காலை உடுக்க ஆளுக்கு ஒரு உடுப்பையும் ஒரு சோடிச் சப்பாத்தையும் மறக்காமல் வெளியே எடுத்து வையுங்கள்.